பாட்டியின் தமிழை நிறுத்தச் சொல்லாதீர்கள்

"வீட்டில் ஒரே மொழி பேசுங்கள். இங்கிலீஷ் மட்டும் போதும். தமிழையும் கலந்தால் பிள்ளை குழம்பிப்போவான்."

என் தம்பி மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன புதிதில், ஒரு தனியார் பயிற்சி மையத்தில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரை இது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த மற்ற குடும்பங்களைக் கேட்டால், அவர்களுக்கும் இதே அறிவுரை ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. சிலருக்குப் பாலர் பள்ளி ஆசிரியை சொன்னார், சிலருக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் சொன்னார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தப்பு. இன்னும் எத்தனை வீட்டில் இதைக் கேட்டுப் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ என்ற கவலையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பையனை வீட்டில் ராசா என்றுதான் கூப்பிடுகிறோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எட்டு வயது. அவன் அப்பா, அதாவது என் தம்பி, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அம்மாவுக்கு ஈப்போ பக்கம் ஃபேக்டரியில் ஷிப்டு வேலை. விடியும் முன்னே கம்பெனி பஸ் முச்சந்திக்கு வந்துவிடும். நான் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆக, ராசா கண் விழிப்பதிலிருந்து தூங்கும் வரை பக்கத்திலேயே இருப்பது என் அம்மா, அவனுடைய பாட்டி.

அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இளவயதில் பால்மரம் வெட்டினார். பிறகு ஆயாக்கொட்டகையில், தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். தோட்டம் துண்டாடப்பட்டு நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும், பழைய தோட்டத்து ஆட்கள் வழியில் பார்த்தால் "ஆயா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தெரிந்தது தமிழ். சீனர் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு மலாய் வரும். இங்கிலீஷ் வராது.

இந்த வீட்டில் அந்த அறிவுரையைப் பின்பற்றினால் என்ன ஆகும்? பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் பேசக்கூடாது என்று ஆகும். அப்படித்தான் ஆனது. கொஞ்ச நாள் அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டுவார், குளிப்பாட்டுவார், தலை துவட்டுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம், "நான் பேசினா பிள்ளைக்கு ஆகாதாம்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஆயாக்கொட்டகையில் ஒரே நேரத்தில் அத்தனை தொட்டிலை ஆட்டிப் பாடித் தூங்கவைத்தவர் அவர். என் தம்பி மனைவியோ வேலை முடிந்து அசந்து வந்து, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில் "கம், சிட், ஈட்" என்று பேசப் பார்ப்பாள். அதற்கு மேல் அவளுக்கு வராது. கொஞ்சல் வராது, கோபம் வராது, கதை வராது.

இதிலிருந்து எங்களை மீட்டது அரசு மருத்துவமனையில் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர். மலாய்க்காரப் பெண், வயது குறைவுதான். அவர் கேட்ட முதல் கேள்வியே, "இவனோடு பகல் முழுக்க இருப்பது யார்?" என்பது. பாட்டி என்றோம். "அப்படியென்றால் அடுத்த தடவை பாட்டியை அழைத்து வாருங்கள். அவருக்கு எந்த மொழி சரளமோ அதில்தான் பேச வேண்டும்" என்றார். அம்மா சேலை கட்டிக்கொண்டு வந்து அந்த அறையில் பாயில் உட்கார்ந்தார். நான் நடுவில் இருந்து மலாயையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். பந்தை உருட்டி, உடனே அடுத்ததைச் செய்யாமல், பிள்ளை பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். அம்மா அதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். "இதைத்தானே கொட்டகையில செஞ்சோம்" என்றார்.

அப்புறம்தான் நானும் இதைத் தேடிப் படித்தேன். 2012-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஹேம்பிளி, ஃபொம்போன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரே மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகள் அதனால் கூடுதலாகப் பின்தங்கவில்லை. அதே ஆண்டு கனடாவிலேயே சீனமும் இங்கிலீஷும் கேட்டு வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. அதிலும் இரண்டாவது மொழியால் கெடுதல் என்று தெரியவில்லை. பேச்சு தாமதமாவது மூளை வளரும் விதத்தைச் சேர்ந்த விஷயம். வீட்டில் எத்தனை மொழி ஓடுகிறது என்பது அதற்குக் காரணமில்லை. தமிழும் மலாயும் இங்கிலீஷும் சீனமும் ஒரே காப்பிக் கடையில் கேட்கிற நாடு இது. இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரே மொழிதான் என்று வேலி போடவும் முடியாது.

ராசா எப்படிப் பேசுகிறான் என்று சொன்னால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். அவன் சொந்தமாக வாக்கியம் கோத்துப் பேசுவது குறைவு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். தாகம் எடுத்தால், "தண்ணி வேணுமா ராசா?" என்பான். பாட்டி கேட்கிற கேள்விதான் அவனுக்குத் தண்ணீர் கேட்கிற வாக்கியம். 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதுதான் ஆட்டிசத்தைப் பற்றிப் பரவலாகப் பேசப்படும் முதல் கட்டுரை. அந்தப் பிள்ளைகளும் இப்படித்தான் கேட்டதைக் கேட்டபடி சொன்னார்கள், 'நான்' வர வேண்டிய இடத்தில் 'நீ' சொன்னார்கள் என்று அவர் அன்றே குறித்திருக்கிறார். வெகுகாலம் இதை அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்று நினைத்து, நிறுத்தப் பழக்கினார்கள். 1980-களில் பேரி பிரிஸன்ட் போன்றவர்கள் உன்னிப்பாகக் கவனித்து, இந்தத் திருப்பிச் சொல்லலுக்குப் பின்னால் கேட்பது, மறுப்பது, தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்வது என்று பல நோக்கங்கள் இருப்பதைக் காட்டினார்கள்.

எங்கள் வீட்டில் அதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். "மழை வருது, துணிய எடு!" என்று ராசா சொன்னால் வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அது மழையைப் பற்றியதே இல்லை. மழை இருட்டிக்கொண்டு வரும்போது பாட்டி அவசரமாகக் கத்துகிற வரி அது. திடீரென்று ஏதோ மாறப்போகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்கு அவன் அதை எடுத்துக்கொண்டான். கூட்டமான இடத்துக்குள் நுழையும்போது சொல்வான், பல் டாக்டர் அறை வாசலில் சொல்வான். "கதவச் சாத்து, கொசு வரும்" என்றால் வந்திருக்கும் ஆட்கள் போனால் தேவலை என்று அர்த்தம். "ஆச்சு ஆச்சு, முடிஞ்சிருச்சு" என்பது முடி வெட்டும்போது பாட்டி சமாதானப்படுத்துகிற வரி. எதையாவது உடனே நிறுத்த வேண்டுமென்றால் அதைச் சொல்வான்.

இந்த வரிகள் எல்லாமே பாட்டி வாயிலிருந்து வந்தவை. பாட்டி தொடர்ந்து பேசாமலே இருந்திருந்தால் தாகத்தையும் பயத்தையும் போதும் என்பதையும் அவன் எதை வைத்துச் சொல்லியிருப்பான்?

மற்ற மொழிகளும் அவனிடம் இருக்கின்றன. பள்ளியிலிருந்து "துங்கு செகெஜாப்" (மலாயில், கொஞ்சம் பொறு) வந்திருக்கிறது, அதைச் சரியான இடத்தில்தான் சொல்கிறான். எண்ணுவதும் நிறங்களும் இங்கிலீஷில், யூடியூப் தந்தது. பாட்டியிடம் இங்கிலீஷில் எண்ணிக் காட்டமாட்டான், ஆசிரியரிடம் துணியை எடுக்கச் சொன்னதும் ஒரே ஒரு தடவைதான். குழம்பியது அவனில்லை.

அம்மாவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைப் பொருளாக எடுத்து வாசல்படியில் வரிசையாக வைப்பார். துண்டு, பிறகு தட்டு, பிறகு செருப்பு. குளியல், சாப்பாடு, வெளியே போவது. ஒவ்வொன்றும் முடிய முடிய அந்தப் பொருளை ராசாவே உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். பயிற்சி மையங்களில் படம் ஒட்டிய அட்டைகளை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். படம் புரியாத வயதிலும் பொருள் புரியும். மருத்துவமனையில் இதைச் சொன்னபோது, இப்படிப் பொருளைக் கையில் கொடுத்து உணர்த்துவதும் முறையாகச் சொல்லித்தருகிற ஒரு வழிதான் என்றார்கள். அம்மா அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததாக எனக்குத் தோன்றியது.

ஆயாக்கொட்டகை நாட்களிலும் இப்படிப் பிள்ளைகள் இருந்தார்களா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். இருந்தார்கள் என்கிறார். கூப்பிட்டால் திரும்பாமல், தொட்டில் கயிறு முறுக்கிப் பிரிவதையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனை இன்னும் நினைவு வைத்திருக்கிறார். "ஒரு மாதிரிப் பிள்ளை" என்பதோடு சரி, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸருக்கும் வேறு பெயர் தெரியாது. அந்தக் காலத்தில் எல்லாரும் அன்பாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல நான் தயாரில்லை, அம்மாவும் அப்படிச் சொல்வதில்லை. பெரியவர்களாகி மரத்தடியில் உரம் போட்டு, மாடு பார்த்து நன்றாக வாழ்ந்தவர்கள் உண்டு. லயத்து வீட்டில் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போன பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இப்போது வழி இருக்கிறது. அதைத் தெரியாமல் விடுவதுதான் எனக்கு வேதனை. பிள்ளைக்கு 18 மாதம் ஆகும்போது அரசு கிளினிக்கில் ஆம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்விகள் கேட்பார்கள். பெயர் சொன்னால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா என்பது மாதிரியான கேள்விகள். கிளினிக் புத்தகம் மலாயில் இருப்பதால் நம் ஆட்கள் பலர் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்ற பேச்சை நம்பி மூன்று வயது, நாலு வயது வரை காத்திருக்க வேண்டாம். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று சொன்னால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம்.

ஓ.கே.யூ. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுக்கப் பயப்படுகிறவர்களும் நிறைய. எங்கள் வீட்டிலேயே பெரியப்பா, "கார்டு எடுத்தா பிள்ளை பேரு கெட்டுடும், நாளைக்கு அக்காக்காரிக்கு மாப்பிள்ளை பார்க்க வேணாமா?" என்றார். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூகநலத் துறை இந்தக் கார்டைக் கொடுக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாடு என்ற பிரிவுக்குள் வரும். டாக்டர் கையெழுத்திட்ட பாரம் வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால் நாங்கள் அந்த மாவட்ட அலுவலகம் போனோம். கார்டு இருந்தால் அரசு மருத்துவமனையில் கட்டண விலக்கு உண்டு. பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை கொடுக்கிறது. லாரி ஓட்டுகிற வீட்டில் 150 வெள்ளி பெரிய பணம். கார்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிற பொருள் இல்லை, பையில் இருக்கும், தேவைப்படும்போது எடுத்துக் காட்டலாம். பெரியப்பாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னது ராசாவின் அக்காதான்.

பள்ளி விஷயத்தில்தான் மொழிச் சிக்கல் மறுபடி வருகிறது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019-இல் வந்தது. நல்ல கொள்கை. ஆனால் நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாவற்றிலும் இல்லை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அந்த வகுப்பு இல்லையென்றால், வகுப்பு இருக்கிற மலாய்ப் பள்ளிக்குப் பிள்ளை போக வேண்டும். ராசா அப்படித்தான் போகிறான். அவன் ஆசிரியர் அருமையான மனிதர், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் வீட்டில் சொல்கிற வரிக்கு வகுப்பில் அர்த்தம் தெரியாது. "ஆச்சு ஆச்சு" என்று அவன் சொல்லச் சொல்ல, பாடம் தொடர்ந்தால் என்ன நடக்கும்? நிறுத்து என்று கெஞ்சியும் யாரும் கேட்கவில்லை என்றுதான் அவனுக்குப் படும். பிறகு அழுகை, கையைக் கடித்துக்கொள்வது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அடம். அடம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இது அப்படி நிற்காது. உடம்பும் மனமும் தாங்காமல் போன நிலை அது, அடங்க நேரமும் அமைதியும் வேண்டும்.

சத்தம் அவனுக்கு அப்படி. ஒலி, வெளிச்சம், துணியின் உரசல் இவை சிலருக்கு மிக அதிகமாகவும் சிலருக்கு மிகக் குறைவாகவும் உறைப்பது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். எங்கள் கோவில் திருவிழாவில் உறுமி மேளம் உண்டு. ராசாவுக்கு உறுமி என்றால் உயிரும் போகும், ஆசையும் விடாது. தூரத்தில் கேட்டால் குதிப்பான், பக்கத்தில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுவான். ஒரு வருடம் கூட்டத்தில் ஒரு பெண்மணி என் தம்பி மனைவியிடம், "பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியலையா?" என்று கேட்டார். அவள் அதற்கப்புறம் கோவில் பக்கமே போகவில்லை.

ஒரு தாயிடம் இதைக் கேட்காதீர்கள். ஃபோன் கொடுத்ததால் வந்தது, கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது, செய்வினை, தடுப்பூசி என்று அவள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டுவிட்டாள். தடுப்பூசிப் பயத்துக்குக் காரணமான 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. தாய் பாசம் காட்டாததால் ஆட்டிசம் வருகிறது என்று பெரிய பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பன், அதை எதிர்த்து எழுதினார். அந்தக் கருத்து அத்தனை வருடத்துக்கு முன்பே ஆட்டம் கண்டும், எங்கள் ஊர்க் கோவில் வாசலில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோவில் தலைவரிடம் நான் போய்ப் பேசினேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உறுமிக் குழுப் பையன்கள் அடிக்கத் தொடங்கும் முன் எங்களைப் பார்த்துக் கை காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையன்கள் அதை அத்தனை பொறுப்பாகச் செய்தார்கள். கை காட்டியதும் பாட்டி காதுக் கவசத்தை மாட்டிவிட்டு, "இப்ப அடிப்பாங்க ராசா, அப்புறம் நின்னுரும்" என்று சொல்வார். அவனும் வாய்க்குள்ளேயே "அப்புறம் நின்னுரும், அப்புறம் நின்னுரும்" என்று சொல்லிக்கொண்டு சாமி சுற்றிவரும் வரை நின்றான். இப்போது வீட்டில் மிக்சி ஓடினாலும் அந்த வரிதான்.

பள்ளிக்கு நாங்கள் செய்தது ஒரு சின்ன நோட்டு. இதை எந்தக் குடும்பமும் செய்யலாம். ஒரு பக்கத்தில் பிள்ளை சொல்கிற வரியை, ஆசிரியர் வாசிக்கிற எழுத்தில், ஒலி மாறாமல் எழுதுங்கள். அடுத்து அந்த வரி எந்தச் சந்தர்ப்பத்தில் யார் சொல்லிக் கேட்டது என்று எழுதுங்கள். கடைசியில், அதைச் சொன்னால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று மலாயில் எழுதுங்கள்: தண்ணீர் கொடுங்கள், கொஞ்ச நேரம் வெளியே அழைத்துப் போங்கள், செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள். பேசாத பிள்ளையென்றால் வரிக்குப் பதில் கையசைவையும் முகக்குறியையும் எழுதலாம். வரிகளைச் சொல்லப் பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்காரவையுங்கள், பெற்றோருக்குத் தெரியாத பாதி அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் நோட்டில் அம்மா சொல்ல நான் எழுதினேன், ராசாவின் அக்கா மலாயைத் திருத்தினாள். ஆசிரியர் அதைப் பிரதி எடுத்து வகுப்பு உதவியாளருக்கும் சிற்றுண்டிச்சாலைக்காரருக்கும் கொடுத்திருக்கிறார். புது வரி வந்தால் அவரும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி, இது என்ன என்று கேட்கிறார். அம்மாதான் கேட்டுப் பதில் சொல்கிறார், தமிழில்.